லோதி கார்டன்: ஒரு கொத்தனாரோடு ஒரு காலை

டெல்லிக்கு வந்து மூன்றாவது வருடம்தான், பழைய சுல்தான்களின் கல்லறைகள் நிற்கிற லோதி கார்டன் பூங்காவை ஒழுங்காகப் பார்த்தேன். அதற்கு முன்பு இரண்டு தடவை போயிருந்தேன். இரண்டுமே சொதப்பல்.

முதல் தடவை மே மாதம், மதியம் இரண்டு மணி. அரை நாள் லீவு கிடைத்த சந்தோஷத்தில் தண்ணீர் பாட்டில்கூட எடுக்காமல் கிளம்பிவிட்டேன். டெல்லி மே வெயில் நம் ஊர் வெயில் மாதிரி இல்லை. வியர்வை வெளியே வந்ததும் காய்ந்துவிடுவதால் உடம்பில் நீர் குறைவதே தெரியாது. உள்ளே சரக்கொன்றை மஞ்சளாகக் கொட்டிக் கிடந்தது, அது மட்டும் நினைவிருக்கிறது. ஒரு கும்பத்தின் (குவிமாடக் கட்டடத்துக்கு அங்கே 'கும்பத்' என்று பெயர்) படியில் உட்காரப் போனால் கல் சுட்டது. அரை மணி நேரத்தில் கண்ணைக் கட்டிக்கொண்டு வர, ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்து மோர் குடித்துப் படுத்ததுதான்.

இரண்டாவது தடவை தோழியோடு. "லோதி கார்டன் வாசல்ல நிக்கிறேன்" என்று நான் சொன்னேன், அவளும் அதையேதான் சொன்னாள். இருவரும் உண்மையைத்தான் சொன்னோம். ஆனால் நான் நின்றது தெற்கே லோதி ரோடு வாசல், அவள் நின்றது வடக்குப் பக்கம். 90 ஏக்கர் தோட்டம், நாலு பக்கமும் ரோடு, பக்கத்துக்குப் பக்கம் வாசல். நாற்பது நிமிடம் போனில் சண்டை போட்டபடி ஒருவரை ஒருவர் தேடி, கடைசியில் சந்தித்தபோது இருட்டிவிட்டது. காவலர்கள் விசில் ஊதிக் கூட்டத்தை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து யாரையாவது அங்கே வரச்சொன்னால் வாசலைச் சொல்வதில்லை. உள்ளே ஒரு கட்டடத்தைச் சொல்லி, அதன் படிக்கட்டுக்கு வரச்சொல்லிவிடுவேன்.

மூன்றாவது தடவைதான் அப்பா வந்தார்.

அப்பாவுக்கு அறுபத்தேழு வயது. காரைக்குடிப் பக்கம் நாற்பது வருடத்துக்கு மேல் கொத்தனார் வேலை. புது வீடும் கட்டியிருக்கிறார், ஆனால் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது பழைய செட்டிநாட்டு வீடுகளில் சுண்ணாம்புப் பூச்சைப் பழுது பார்க்கிற வேலை. கடைசி பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, கல்லால் தேய்த்து வழவழப்பாக்குகிற வேலையை முறையாகக் கற்றவர்களில் அவரும் ஒருவர். பிப்ரவரி இரண்டாவது வாரம் என்னைப் பார்க்க வந்தார். முதல் நாள் செங்கோட்டை, மறுநாள் குதுப் மினார். இரண்டு இடத்திலும் வரிசை, சோதனை, கூட்டம். பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார். அவர் வாயில் அந்த வார்த்தை வந்தால் கால் வலிக்கிறது என்று அர்த்தம்.

மூன்றாம் நாள் டிக்கெட்டே இல்லாத இடத்துக்குப் போவோம் என்று கூட்டிப் போனேன்.

டெல்லியைச் சுற்றிப்பார்க்க எந்த மாதம் நல்லது என்று யாராவது கேட்டால் நான் பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரை என்பேன். நவம்பரில் தீபாவளி கழிந்ததும் காற்று கெட்டுவிடும், காலை நடை நல்லது என்று போனால் தொண்டை எரியும். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் பனிமூட்டம் அடைத்தால் எதிரே இருக்கிற குவிமாடம் பத்து மணிக்குத்தான் கண்ணுக்கே தெரியும். ஆகஸ்ட்டில் பச்சைப்பசேல், கூடவே கொசு. பிப்ரவரியில் பாத்திப் பூக்கள் மொத்தமும் விரிந்திருக்கும், வெயில் முதுகுக்கு இதமாக இருக்கும். ஞாயிறு மட்டும் வேண்டாம். குளிர்கால ஞாயிறு மதியம் பாதி டெல்லி பாயோடும் டிபன் கேரியரோடும் பேட்மின்டன் மட்டையோடும் அங்கே வந்துவிடும்.

நாங்கள் போனது வியாழக்கிழமை காலை ஏழரை. லோதி ரோடு வாசலில் இறங்கினோம். மெட்ரோவில் வந்தால் மஞ்சள் லைனில் ஜோர் பாக் ஸ்டேஷன், அங்கிருந்து நடக்கிற தூரம். இந்தத் தெற்கு வாசலில் நுழைவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தெற்கிலிருந்து வடக்கே நடந்தால் கட்டடங்கள் ஏறக்குறைய கட்டிய வரிசையிலேயே வரும். முதலில், லோதிகளுக்கு முன் டெல்லியை ஆண்ட சையது வம்சத்து முகமது ஷாவின் கல்லறை, 1440களில் கட்டியது. நடுவில் 1490களின் படா கும்பத், எதிரே ஷீஷ் கும்பத். வடக்கே 1517ல் இறந்த சிக்கந்தர் லோதியின் கல்லறை. அதைத் தாண்டினால் அக்பர் காலத்துப் பாலம். நூற்றுச் சொச்சம் வருடத்தை ஒன்றரை மணி நேரத்தில் நடந்துவிடலாம். வடக்கு வாசலில் நுழைகிறவர்கள் இதையே தலைகீழாகப் பார்க்கிறார்கள்.

ஒன்றரை மணி நேரம் என்பது மற்றவர்கள் கணக்கு. அப்பாவுக்கு முதல் கட்டடத்துக்கே முக்கால் மணி ஆனது.

முகமது ஷா கல்லறை எட்டுப்பட்டைக் கட்டடம். பட்டைக்கு மூன்று வளைவு, சுற்றிலும் தாழ்வாரம், மேலே நடுவில் பெரிய குவிமாடம், அதைச் சுற்றி எட்டுச் சின்ன மண்டபங்கள், உச்சியில் கவிழ்த்த தாமரை. நான் செல்போனில் நாலு படம் எடுத்துவிட்டு அடுத்ததற்குத் தயாராகிவிட்டேன். அப்பா ஒரு மூலைக்குப் போய் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலைத் தூக்குக்குண்டு மாதிரி தொங்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆத்தா, இங்க வா. இந்த மூலைத் தூணு நேரா இல்ல பாரு. சாச்சுக் கட்டியிருக்காய்ங்க."

பார்த்தால், ஆமாம். எட்டு மூலையிலும் முட்டுச்சுவர் அடியில் அகலமாக ஆரம்பித்து மேலே போகப் போக உள்பக்கம் சாய்கிறது.

"மேல இருக்க கும்மட்டம் சும்மா உக்காந்திருக்காது. வெளிய தள்ளிக்கிட்டே இருக்கும். அதுக்குத்தேன் சுத்தி நின்னு முட்டுக் குடுக்குது. கம்பி கிடையாது, சிமிட்டி கிடையாது, பின்ன எப்புடி நிக்கும்?"

கையேடுகளில் 'சாய்வான முட்டுச்சுவர்கள் துக்ளக் காலக் கட்டடப் பாணியின் தொடர்ச்சி' என்கிற மாதிரி எழுதியிருப்பார்கள். நானும் படித்திருக்கிறேன். அது ஏன் சாய்ந்திருக்கிறது என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

அப்புறம் ஒரு சின்ன கலாட்டா. பூச்சு உதிர்ந்த ஓர் இடத்தில் உள்ளே ஒழுங்கில்லாத கருங்கல்லும் சாந்தும் தெரிந்தன. அப்பா பழக்கதோஷத்தில் நகத்தால் சாந்தைச் சுரண்டிவிட்டார். அடுத்த நொடி விசில். காவலர் வேகமாக வந்து இந்தியில் திட்ட ஆரம்பித்தார். தப்பு எங்கள் பக்கம்தான், தொல்லியல் துறை பாதுகாக்கிற சுவர். நான் மன்னிப்புக் கேட்டு, "இவர் ராஜ் மிஸ்திரி (கொத்தனார்), அதான் கை போய்விட்டது" என்றேன். 'மிஸ்திரி' அப்பாவுக்கும் புரிகிற வார்த்தையாச்சே, உடனே கையைக் காற்றில் அசைத்துச் சாந்து பூசிக் காட்டினார். காவலர் சிரித்துவிட்டார். அவர் அண்ணனும் பீகாரில் அதே வேலையாம். "கர்னி?" என்றார் அப்பாவின் கையைக் காட்டி. "ஆமா, கரணை!" என்றார் அப்பா. சாந்து பூசுகிற கருவியைத்தான் இருவரும் சொன்னார்கள். அதற்குமேல் என் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. காவலர் விரலை நீட்டி நீட்டி ஏதோ காட்ட, அப்பா 'சுர்க்கி, சுர்க்கி' என்று தலையாட்டினார். சுண்ணாம்போடு சேர்க்கிற செங்கல் தூளுக்கு இரண்டு ஊரிலும் ஒரே பெயர். எங்கள் தாத்தா காலத்தில் அதில் கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் கூடச் சேர்ப்பார்களாம். அதை இந்தியில் சொல்ல எனக்கு 'கடுக்காய்' தெரியவில்லை, விட்டுவிட்டேன்.

புல்லில் செருப்பில்லாமல் நடக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிப்ரவரிக் காலையில் புல் முழுக்கப் பனி ஈரம். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குறுக்கே நடந்தவர், ஒரு சரிவில் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். அடி இல்லை, வேட்டிதான் பச்சை. ஒன்பதரை மணிவரை நடைபாதையே பத்திரம். உட்காருவதானால் அடியில் பிளாஸ்டிக் பாய், மேலே போர்வை. போர்வை மட்டும் விரித்தால் பத்து நிமிடத்தில் நனைந்துவிடும். வயதானவர்களோடு போனால் கழிப்பறையைப் பார்த்துவைத்துக்கொண்டு உள்ளே போங்கள். நடுத்தோட்டத்தில் போய்த் தேடினால் நடந்தே கால் வலித்துவிடும்.

படா கும்பத் மேடைமேல் நிற்கிறது, படி ஏற வேண்டும். வெளியே பார்த்தால் இரண்டு மாடி மாதிரி தெரியும். உள்ளே போனால் ஒரே கூடம், அண்ணாந்தால் குவிமாடம் வரை வெறும் வெளி. கல்லறையும் இல்லை. ஒட்டினாற்போல ஒரு மசூதி, அதில் 1494 என்று கணக்கிடக்கூடிய கல்வெட்டு இருக்கிறது. மசூதிக்கு வாசலாகக் கட்டியது என்கிறவர்கள் உண்டு, இல்லை என்கிறவர்களும் உண்டு.

இங்கே நான் கேட்டது இதுதான்: சதுரமான அறைமேல் வட்டமான குவிமாடம் எப்படி உட்காருகிறது? அப்பா தரையில் உட்கார்ந்து நாலு சுள்ளியை எடுத்துச் சதுரமாக வைத்தார். மூலைக்கு ஒன்றாகக் குறுக்கே நாலு வைத்தார். எட்டுப்பட்டை. அந்த எட்டு மூலையையும் இன்னும் சின்ன குச்சியால் குறுக்கே அடைத்தார். பதினாறு. "இதுக்கு மேல ரவுண்டுக்கும் பதினாறுக்கும் என்ன பெரிய வித்தியாசம்? பூச்சுல சரியாப் போயிரும்." நிமிர்ந்து பார்த்தேன். மூலை வளைவுகள் நாலும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தன. அதுவரை அவற்றை அலங்காரம் என்று நினைத்திருந்தேன்.

மசூதிக்குள் சுவரெல்லாம் சுண்ணாம்பில் செதுக்கிய கொடியும் எழுத்தும். அப்பா அங்கே பேசவே இல்லை. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு (விசில் பயம்) ஒவ்வொரு வளைவாக நின்று பார்த்தார். வெளியே வந்தபின், "காயறதுக்குள்ள வெட்டணும், தெரியுமா? ஈரம் போயிட்டா உளி ஏறாது, உதிரும். அம்புட்டுக்கும் எத்தன ஆளு நின்னிருப்பாய்ங்க!" என்றார்.

மேடைப் படியில் உட்கார்ந்து கொண்டுபோன எலுமிச்சை சாதத்தைத் திறந்தோம். எதிரே ஷீஷ் கும்பத். ஒரு காலத்தில் நீல ஓடு பதித்து மின்னியதால் கண்ணாடி என்று பெயர் வந்தது. இப்போது இரண்டு வகை நீலத்தில் பட்டை பட்டையாகக் கொஞ்சம் மிச்சம். உள்ளே பல கல்லறைகள், யாருடையவை என்று உறுதியாகச் சொல்ல யாராலும் முடியவில்லை. சுவரில் இருந்த பொந்துகளுக்குள் கிளிகள் போய்வந்துகொண்டிருந்தன. மரத்தில் ஒரு சாம்பல் இருவாச்சி. வாத்துகள் இருக்கிற ஏரிப் பக்கம் சாப்பாட்டைத் திறக்காமல் இருந்தது நல்லது, பின்னால் ஒருதடவை பிஸ்கட் பொட்டலத்தோடு அங்கே நின்று துரத்தல் வாங்கினேன்.

சாப்பிட்டுக்கொண்டே அப்பா கேட்டார்: "ஏத்தா, பக்கத்துல ஊரே இல்லாத இடத்துலயா இத்தனையக் கட்டுனாய்ங்க? தண்ணி தூக்க, கல்லு சுமக்க ஆளுக எங்கன இருந்தாக?"

ஊர் இருந்தது. இந்தக் கல்லறைகளைச் சுற்றி கைர்பூர் என்று ஒரு கிராமம். வைஸ்ராய் வில்லிங்டன் காலத்தில் அந்த மக்களை வேறிடத்துக்கு அனுப்பிவிட்டு இடத்தைப் பூங்காவாக்கினார்கள். 1936 ஏப்ரல் 9ஆம் தேதி திறந்தபோது வைத்த பெயர் லேடி வில்லிங்டன் பார்க், வைஸ்ராயின் மனைவி பெயர். அந்தப் பெயரும் தேதியும் பொறித்த கல் வாசல் இன்னமும் இருக்கிறது. 1947க்குப் பிறகுதான் லோதி கார்டன். இப்போது நாம் பார்க்கிற பாதை, மரம், ஏரி, கண்ணாடி வீடு எல்லாம் 1968ல் ஜோசப் ஸ்டைன், காரெட் எக்போ என்ற இரண்டு அமெரிக்கர்கள் சேர்ந்து திருத்தி அமைத்ததில் வந்தவை. தொட்டடுத்து இருக்கிற இந்தியா இன்டர்நேஷனல் சென்டரும் ஸ்டைன் கட்டியதுதான்.

அப்பா சாதத்தைப் பிசைவதை நிறுத்திவிட்டுப் புல்வெளியை ஒரு சுற்றுப் பார்த்தார். "அப்ப இந்தப் புல்லுக்கு அடியில வீட்டு அஸ்திவாரம் கெடக்கும்" என்றார். அவ்வளவுதான். மறுபடி சாப்பிட்டார்.

சிக்கந்தர் லோதி கல்லறைக்குள் நிறைய பேர் போவதே இல்லை. வெளியே கோட்டை மாதிரி மதில் இருப்பதால் மூடியிருக்கிறது என்று நினைத்துத் திரும்பிவிடுகிறார்கள். போங்கள். உள்ளே நாலு பக்கமும் சுவர் அடைத்த சின்ன தோட்டம், ரோட்டுச் சத்தம் சட்டென்று நின்றுவிடும். நடுவில் மறுபடி எட்டுப்பட்டைக் கட்டடம், முதலில் பார்த்ததன் தம்பி மாதிரி. மேலே அந்தச் சின்ன மண்டபங்கள் மட்டும் இல்லை. கட்டியது மகன் இப்ராகிம் லோதி, 1526ல் பானிப்பட்டில் பாபரிடம் தோற்று இறந்தவர். அப்பாவுக்கு ராஜா கதையில் ஆர்வம் இல்லை. முதல் கல்லறையோடு ஒப்பிட்டு, "இது கட்டுன ஆளு அதைப் பாத்துட்டு வந்துதேன் கட்டியிருக்கான்" என்று மட்டும் சொன்னார்.

பக்கத்தில் பாலத்துக்கு அட்புலா என்று பெயர், 'எட்டு' என்று வருகிறது. வளைவை எண்ணினால் ஏழுதான். தூணை எண்ணினால் எட்டு. அப்பா எண்ணிப் பார்த்துத் திருப்தியானார். ரோஜாத் தோட்டத்தையும் போன்சாய்ப் பகுதியையும் வேகமாகக் கடந்தோம். அவை எங்கும் கிடைக்கும். வெளியே வந்ததும் தள்ளுவண்டியில் சுட்ட சக்கரவள்ளிக்கிழங்கு, மேலே எலுமிச்சையும் மசாலாவும். கிழங்குக்கு மசாலாவா என்று முகம் சுளித்தவர் இரண்டாவது தொன்னை கேட்டார். வாசலை ஒட்டிய பெரிய உணவகங்களுக்குள் விலைப்பட்டியல் பார்க்காமல் உட்கார்ந்துவிடாதீர்கள், அது வேறு கதை.

நான் வாடகைக்கு இருப்பது கோட்லா முபாரக்பூரில். தோட்டத்திலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர். ஆட்டோ உள்ளே வராத சந்து, தலைக்கு மேல் வயர், ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிய மாடிகள். அந்தப் பெயரில் இருக்கிற முபாரக், சையது வம்சத்து முபாரக் ஷா. 1434ல் கொல்லப்பட்டவர். அவருக்கு அடுத்து பட்டத்துக்கு வந்தவர்தான் காலையில் நாங்கள் பார்த்த முகமது ஷா. முபாரக் ஷாவின் கல்லறை என் தெருவிலிருந்து நாலு சந்து தள்ளி இருக்கிறது. மூன்று வருடமாகக் காய்கறி வாங்கப் போகும்போதெல்லாம் அதைத் தாண்டிப் போகிறேன், நின்றதில்லை.

சாயங்காலம் அப்பாவை அங்கே கூட்டிப்போனேன். அதே எட்டுப்பட்டை, அதே சாய்ந்த மூலைகள், அதே மாதிரி குவிமாடம். ஆனால் சுற்றிலும் வீடு. நிமிர்ந்தால் பால்கனியில் காயும் துணி, கீழே கிரிக்கெட் விளையாடும் பையன்கள், ஒரு ஜன்னலிலிருந்து குக்கர் விசில். முழுசாகப் படம் எடுக்கப் பின்னால் நகரக்கூட இடமில்லை. 1936க்கு முன்னால் கைர்பூரும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்திருக்கும். லோதி கார்டன் போகிறவர்கள் அன்றைக்கே இங்கேயும் ஒரு நடை வந்துவிட்டுப் போனால் நல்லது என்பது என் அபிப்பிராயம். ஆட்டோவைப் பெரிய ரோட்டிலேயே விட்டுவிட்டு, சந்தில் யாரிடமாவது கும்பத் எங்கே என்று கேளுங்கள்.

அப்பா ஒரு திண்ணையில் உட்கார்ந்து பந்து பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். இருட்டியதும் கிளம்பினோம். கோட்லாவில் ஹார்டுவேர் கடைகள் அதிகம். ஒன்றின் வாசலில் நின்றார், உள்ளே போனார், ஆள்காட்டி விரலால் ஒன்றைக் காட்டி, "கர்னி" என்றார் கடைக்காரரிடம். நான் வாயே திறக்கவில்லை. நம் ஊர்க் கரணையைவிட முனை கொஞ்சம் கூர்மையாக இருந்தது. ஊருக்குப் போகிற ரயிலில் அதைத் துண்டில் சுற்றித் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தாராம், அம்மா போனில் சொன்னார்.